பிளேயர் வாங்காமலே இசைத்தட்டு நிபுணராவது எப்படி?

முதலில் ஒன்று. ரெக்கார்டு பிளேயர் வாங்கித் தொலைக்காதீர்கள். பிளேயர் இருக்கும் வீட்டில் பாட்டு ஓடும். பாட்டு ஓடினால் பேச்சு நின்றுவிடும். பேச்சு நின்றால் நீங்கள் நிபுணர் என்பது ஊருக்கு எப்படித் தெரியும்?

காலையிலேயே பினாங்கு லோரோங் கூலிட்டுக்குக் கிளம்புங்கள். சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டிய அந்தப் பழைய சாமான் சந்தையில், துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டிக்கும் நின்றுபோன கடிகாரத்துக்கும் நடுவே இசைத்தட்டு கிடக்கும். இசைத்தட்டுக்கு மலாயில் ‘பீரிங் ஹித்தாம்’. அப்படி ஆசையாகக் கேட்டால் விலை ஏறிவிடும். இஸ்திரிப் பெட்டியை விலை கேளுங்கள். அதற்கு நாலு தடவை ‘போலே குராங்?’, அதாவது ‘குறையுமா?’, போட்டுவிட்டு, போகிற போக்கில் தட்டை எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கீறல் தெரிந்தால் உதட்டைப் பிதுக்க வேண்டும். தெரியாவிட்டாலும் பிதுக்க வேண்டும். பத்து வெள்ளி என்றவர் ஆறு வெள்ளிக்கு இறங்குவார். சில நாள் இஸ்திரிப் பெட்டியோடு வீடு திரும்ப நேரலாம். அது தொழில் தர்மம்.

கையில் கனத்தால் அது 78 சுற்றுத் தட்டு, அரக்கில் செய்தது. கீழே போட்டால் உடையும், பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் பாடும். 1948-இல் கொலம்பியா கம்பெனி வினைலில் 33⅓ சுற்று எல்.பி.யைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது. மறு வருடமே ஆர்.சி.ஏ. 45-ஐ இறக்கியது. இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ‘பிளேயர் எங்கேண்ணே?’ என்று யாராவது கேட்டால் கைகொடுக்கும். ‘78-க்கு அகல ஊசி வேணும் தம்பி, எல்.பி. ஊசி பள்ளத்தின் அடியில் கிடந்து கரகரக்கும். சரியான ஊசி வரட்டும்’ என்று பெருமூச்சு விடுங்கள். ஊசி விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. துணிந்து ஓட்டுகிற நண்பர் வீட்டுப் பக்கம் போகாதீர்கள். 45 தட்டை 33-இல் வைத்துவிடுவார், சுசீலா ஐந்து அரைச்சுரம் இறங்கிப்போய் சௌந்தரராஜனுக்குப் போட்டியாக நிற்பார்.

பினாங்குக் காற்றின் ஈரமும் உங்கள் கட்சிதான். உறைக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது, காய்கிறது, அதனால்தான் போடவில்லை என்று மாதக்கணக்கில் சொல்லலாம். தட்டை நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்து அடுக்கினால் வளையும். 78 தட்டை ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். இந்த ஒரு வரியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மலாய்த் திரை நாயகன், பாடகர் பி. ரம்லி பெயர் வந்தால் குரலைத் தாழ்த்துங்கள். 1929-இல் இந்த ஊரில் பிறந்தவர், பழைய காண்டர் ஹால் சாலை இன்று அவர் பெயரில் இருக்கிறது. பெயருக்கு முன்னால் உள்ள ‘பி’ அவருடைய அப்பா புத்தே. இதெல்லாம் மலாய் நண்பர்களுக்கே தெரியும். ஆகவே அடுத்த சீட்டை இறக்குங்கள். 1950-இல் ‘பக்தி’ படத்தில் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய இயக்குநர் எல். கிருஷ்ணன், மெட்ராஸில் பிறந்தவர். சொல்லும்போது படப்பிடிப்பில் விளக்குப் பிடித்தவர் போன்ற முகம் வேண்டும். நியாயமான பெருமைதான், எனக்கும் உண்டு.

லிட்டில் இந்தியாவில் வேறு பாடம். மார்க்கெட் ஸ்திரீட் கடை ஒலிபெருக்கியில் ‘இளைய நிலா’ வந்தால் சுற்றி நிற்பவர்கள் ராஜா, ராஜா என்று உருகுவார்கள். நீங்கள் மட்டும் ‘கிதார் சந்திரசேகர்’ என்று சொல்லிவிட்டு தே தாரிக்கை உறிஞ்சுங்கள். ‘பயணங்கள் முடிவதில்லை’, 1982 என்றும் சேர்க்கலாம், ஆனால் யாராவது கேட்ட பிறகு. ராஜாவே கிதார் படித்தவர்தானே என்று ஒருவர் மடக்குவார். ஆமாம், டிரினிட்டி காலேஜ் தேர்வு எழுதியவர். அதை நீங்கள் முந்திச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்குத் தே தாரிக் காசு உங்கள் கணக்கில்.

அப்புறம் சுவரில் மாட்ட ஒரு கிதார் வேண்டும். பார்வைக்குத்தான். தீபாவளிக்கு வரும் அக்காள் மகன் ‘ஒரு பாட்டு வாசிங்க மாமா’ என்பான். ‘கடல் காத்துடா, கம்பி துருப்பிடிச்சிருச்சு’ என்று கம்பியைத் தடவிக் காட்டுங்கள். இதற்கு வாங்கும்போதே விழிப்பு வேண்டும். கடைக்காரர் கிளாசிக்கல் கிதாரை நீட்டி, விரலுக்கு இதம் என்பார். மறுத்துவிட்டு இரும்புக் கம்பியாகக் கேளுங்கள். நைலான் துருப்பிடிக்காது.