95 சதவீதத் தளபதி

முறைவைத்து ஆடும் போர் ஆட்டங்களில் ஒரு வகைத் தளபதி உண்டு. அவருடைய போர்ச் சரித்திரம் முழுவதும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: "தொண்ணூத்தஞ்சு பர்சன்ட் காட்டுச்சு, அப்பவும் மிஸ்ஸு!" ஃபிராக்ஸிஸ் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட 'எக்ஸ்காம்: எனிமி அன்னோன்' ஆட்டத்தில், வேற்றுக்கிரகத்தாரிடமிருந்து பூமியைக் காப்பாற்றும் பொறுப்பை நம்பி ஒப்படைத்திருப்பது இவரிடம்தான். சிப்பாய்களுக்குப் பிடித்த பெயர் வைக்கலாம் என்பதால் நண்பர்களின் பெயர்களை வைப்பார். சில நாட்களிலேயே பாதி நண்பர்கள் இறந்தவர்களின் நினைவுச் சுவருக்குப் போய்விடுவார்கள். காரணம் கேட்டால் பகடையைக் கைகாட்டுவார். பகடைக்கு வாய் இருந்தால், "என்னிடம் வருவதற்கு முன்பே தோற்றுவிட்டு வந்தாயே ஐயா" என்று சொல்லியிருக்கும்.

வசைக்காகச் சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது. அந்த ஆட்டத்தில் புதுச் சிப்பாயின் குறி தப்பாமல் படும் வாய்ப்பு 65 சதவீதம். எதிரி இடுப்பளவு மறைவில் இருந்தால் அதில் 20 கழியும், ஆளுயர மறைவில் இருந்தால் 40 கழியும். தூணுக்குப் பின்னால் நிற்பவனைச் சுட்டால், தூரத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடினாலும், 25 சதவீதத்தை ஒட்டித்தான் தேறும். அதே ஆள், அதே துப்பாக்கியோடு பக்கவாட்டில் சில கட்டங்கள் நகர்ந்து, தூண் மறைக்காத பக்கத்துக்கு வந்துவிட்டால் கழிந்த 40 முழுசாகத் திரும்பிவிடும். பலத்த காயம் படும் வாய்ப்பும் கூடவே 50 ஏறும். மேட்டில் ஏறி நின்றால் இன்னொரு 20. ஆக, பகடையைத் தொடாமல், கால்நடையாகவே 25-ஐ 65 ஆக்கிக்கொள்ளலாம். நம் தளபதி நடக்கமாட்டார். நின்ற இடத்திலிருந்தே 25-இல் ஒருவனைச் சுடச் சொல்வார். தவறும். அடுத்தவனையும் அங்கிருந்தே சுடச் சொல்வார். அதுவும் தவறும். மறுநாள் கதை சொல்லும்போது இந்த 25-கள் ஒன்றுகூட வராது, எப்போதோ தவறிய அந்த 95 மட்டும் வரும். தம் ஆட்களை நிறுத்தும் அழகோ தனி. நால்வரையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றுவதுபோல் ஒரே காருக்குப் பின்னால் அடைப்பார். அந்த ஆட்டத்தில் கார் மறைவும்தான், வெடிகுண்டும்தான்: அடி பட்டால் தீப்பிடிக்கும், விட்டுவைத்தால் வெடிக்கும். கார் எரிவது கண்ணுக்குத் தெரிந்தாலும், "இந்த ஒரு ஷாட் மட்டும் அடிச்சிட்டு நகர்றேன்" என்பார். அப்புறம் நகர யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆனால் இவருடைய கைவண்ணம் முழுதாகத் தெரிவது கடைசி ஆளை ஓடவிடும்போதுதான். ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு முறைக்கு இரண்டு செயல்கள். நடந்து சுடலாம், அல்லது இரண்டையும் செலவழித்துத் தொலைவுக்கு ஓடலாம். எதிரிகள் இருட்டுக்குள் கூட்டம் கூட்டமாகக் காத்திருப்பார்கள். நம் ஆள் கண்ணில் பட்ட கணத்திலேயே, நம்முடைய முறை நடந்துகொண்டிருந்தாலும், இலவசமாக ஒரு நகர்வு எடுத்து மறைவுக்குள் புகுந்துவிடுவார்கள். முதல் ஆள் அவர்களைப் பார்த்தால் மிச்சமிருக்கும் மூவரும் சுடலாம், குண்டு வீசலாம், பின்வாங்கலாம். கடைசி ஆள் பார்த்தால் எல்லோர் கையும் காலி, அடுத்தது எதிரியின் முறை. இது இவருக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம், நன்றாகவே தெரியும். மூவரையும் பொறுப்பாக நிறுத்திவிட்டு, நான்காமவனைப் பார்த்ததும் ஒரு சபலம் வரும்: 'அந்த மூலையில் என்ன இருக்கிறது, எட்டிப் பார்த்தால் என்ன?' மூலையில் என்ன இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும், நான்காமவனுக்கு மிக அருகிலிருந்தே.

பகடை என்று ஒன்று இருப்பது உண்மைதானே, 95 தவறுவது கொடுமையில்லையா என்று அவர் தரப்பில் வாதிடலாம். நியாயமான கேள்வி. 95 சதவீத வாய்ப்பில் 20 முறை சுட்டால், ஒருமுறையாவது தவறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். அதாவது தவறுவது அதிசயம் அல்ல, எதிர்பார்க்க வேண்டியதுதான். ஒரு குண்டு தவறினால் ஒரு சிப்பாய்க்குக் காயம்படும் என்றால் அது துரதிருஷ்டம். ஒரு குண்டு தவறியதில் படையே போய்விடும் என்றால், படையை அப்படி நிறுத்திவைத்தது யார்? இந்த இடத்தில் ஆட்டமே ஒரு குறும்பு செய்திருக்கிறது. தவறியதும் இவர் பழைய சேமிப்புக்குப் போய் அதே குண்டைத் திரும்பச் சுடுவார். அடுத்து விழவேண்டிய எண்ணையும் ஆட்டம் சேர்த்தே சேமித்து வைத்திருப்பதால் அதே குண்டு அதேபோல் தவறும். முடிவு மாறவேண்டுமானால் வேறு ஆளை முதலில் அனுப்ப வேண்டும், அல்லது வேறெதையாவது மாற்றிச் செய்ய வேண்டும். இயந்திரமே இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்ன பிறகும், இவர் கண்டுபிடிப்பது வேறு: "பாத்தீங்களா, ஏமாத்துது!"

ஏமாற்றுவதும் உண்டு, ஆனால் எதிர்த்திசையில். 2016-இல் வந்த 'எக்ஸ்காம் 2'-இன் எளிய நிலைகளில், தொடர்ந்து தவறினால் திரையில் காட்டாமலே அடுத்த குண்டின் வாய்ப்பைக் கூட்டிக் கொடுப்பார்கள். ஜப்பானில் 'ஃபயர் எம்பளம்' வரிசையில் 2002-இல் வந்த ஆட்டத்திலிருந்து ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டை எடுத்துச் சராசரி பார்ப்பது வழக்கமானது. அதில் 90 என்று காட்டினால் உண்மையில் 98-க்கு மேல். இத்தனை கருணைக்குப் பிறகும் குறை தீராதவர்களுக்கென்றே 2018-இல் 'இன்டு த ப்ரீச்' வந்தது. எட்டுக்கு எட்டுக் கட்டம், நம் பக்கம் மூன்று இயந்திரங்கள். எதிரி அடுத்து எங்கே அடிக்கப்போகிறான் என்பது முன்கூட்டியே தரையில் வரைந்து காட்டப்படும். குறி தவறுவது என்ற பேச்சே இல்லை. எதிரியை ஒரு கட்டம் தள்ளிவிட்டால் அவன் அடி அவனுடைய கூட்டாளி மேலேயே விழும். அதிர்ஷ்டம் என்று அதில் மிஞ்சியிருப்பது, கட்டடங்கள் எப்போதாவது அடியைத் தாங்கிக்கொள்ளும் சிறு வாய்ப்புதான். அதுவும் நமக்குச் சாதகம். நம் தளபதி அதிலும் தோற்றார். தோற்றுவிட்டு, "இது போர் ஆட்டமே இல்ல, கணக்குப் பாடம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது கூடத்தைப் பார்த்திருக்கிறாள்.

இடம் பார்த்து நிற்பது கோழைகளின் வேலை என்றும் இவர் சொல்வதுண்டு. ஒரு கட்டம் நகர்ந்து, ஓவர்வாட்ச் போட்டு, அதாவது எதிரி அசைந்தால் சுடத் தயாராகக் காத்திருந்து, மறுபடி ஒரு கட்டம் நகரும் நத்தைத் தளபதிகளை மனதில் வைத்துச் சொல்கிறார். அவர்களை நானும் ஆதரிக்கவில்லை, எக்ஸ்காமைச் செய்தவர்களும் ஆதரிக்கவில்லை. 2013-இன் 'எனிமி விதின்' விரிவாக்கத்தில் குறித்த முறைகளுக்குள் எடுக்காவிட்டால் அழிந்துபோகும் மெல்டு என்ற அரிய பொருள் அடங்கிய கலன்களை வைத்தார்கள். 'எக்ஸ்காம் 2'-இல் பல பணிகளுக்குக் கெடுவே விதித்துவிட்டார்கள். ஆனால் பக்கவாட்டில் சுற்றிப் போவதற்கு முன்னேறியாக வேண்டும், அதற்குத் துணிச்சல் வேண்டும். நின்ற இடத்திலேயே 25-இல் சுட்டுக்கொண்டிருப்பதற்கு எந்தத் துணிச்சலும் தேவையில்லை. அந்த வகையில் நத்தையும் இவரும் பங்காளிகள்தான்.

உங்கள் அறையில் இப்படி ஒரு தளபதி இருந்தால், அவர் சுட்டுத் தவறிய பிறகு "பக்கத்துல போயிருக்கலாமே" என்று சொல்லிவிடாதீர்கள், பகடையோடு உங்களையும் சேர்த்துத் திட்டுவார். சொல்வதானால் அவர் முதல் ஆளை நகர்த்துவதற்கு முன் சொல்லுங்கள். சிப்பாய்களில் ஒருவனுக்கு உங்கள் பெயர் வைத்திருக்கிறாரா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.