ஒரே சோலை, மூன்று காலை

1994 பிப்ரவரியில் நண்பனும் நானும் பறவை பார்க்க ஊட்டிக்குப் போனோம். நூலகத்தில் எடுத்த சாலிம் அலியின் புத்தகம், ஒரு நோட்டு, இருவருக்கும் சேர்த்து இரவல் பைனாகுலர் ஒன்று. தங்க இடம் கேட்டு அஞ்சலட்டை போட்டு, பதிலுக்குப் பதினைந்து நாள் காத்திருந்தோம். ஏப்ரல், மே சீசனில் அறை வாடகை எங்களுக்குக் கட்டாது. பிப்ரவரியில் உறைபனி கடித்தாலும் கட்டுப்படியானது.

மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் ஏறினோம். டாக்ஸி பிடித்து நான்கு இடம் சுற்றக் காசில்லை. அதனால் தொட்டபெட்டா சாலையோரச் சோலை ஒன்றிலேயே மூன்று காலையும் உட்கார்ந்தோம். முதல் நாள் காதுக்கு மட்டும்தான் விருந்து: புதருக்குள் நீலகிரிச் சிரிப்பான்களின் கூட்டுச் சிரிப்பு. நீலகிரியையும் அதை ஒட்டிய மலைகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. மூன்றாம் நாள், முழங்கால் உயர ஈரக்கிளையில் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் வந்து உட்கார்ந்தது. தலையும் இறக்கையும் கரி. மற்றதெல்லாம் பழுத்த கமலாப்பழத் தோல். பைனாகுலர் தேவைப்படவே இல்லை.

இந்தப் பிப்ரவரியில் மகளோடு அதே சோலைக்குப் போனேன். எங்கே எந்தப் பறவை தென்பட்டது என்று இ-பேர்ட் தளத்தில் பார்த்து, அறையும் பிடித்து, பத்து நிமிடத்தில் திட்டத்தை முடித்துவிட்டாள். மெர்லின் செயலி குரலைக் கேட்டே பெயர் சொல்கிறது. வெளியூர்க் காருக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்துக்கு வேண்டாம். ஆகவே இந்த முறையும் பேருந்துதான்.

அறிவும் வளர்ந்திருக்கிறது. சோலையின் தரையோரம் திரியும் நீல ராபின் பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் ஒரே இனம் என்றே அன்று எண்ணினார்கள். இன்று அவை தனித்தனி இனங்கள். 2017-இல் ஆய்வாளர்கள் அவற்றுக்கு வைத்த பேரினப் பெயர் ஷோலிகோலா: சோலையில் வாழ்வது. நம் சொல் அறிவியலில் ஏறிய செய்தியைச் சொன்னதும் மகள் முகம் மலர்ந்தது.

இரண்டாம் நாள் ஒரு குழு வந்தது. ஒருவர் போனில் ஈப்பிடிப்பானின் குரலை ஓடவிட்டார். எதிரி தன் எல்லைக்குள் புகுந்துவிட்டதென்று ஆண் பறவை பதறிக் கிளைக்குக் கிளை தாவியது. ஐந்து நிமிடம் ஒரு பூச்சிகூடப் பிடிக்கவில்லை. அவர்கள் படமெடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பறவை அதற்குப் பிறகும் அடங்கவில்லை.

குறைந்த செலவில் மலைப்பறவை பார்க்க விரும்புவோருக்கு நான் சொல்வது இதுதான். சீசனைத் தவிருங்கள், பேருந்தில் போங்கள், ஒரே சோலையோரம் மூன்று காலை உட்காருங்கள். செயலி காதாக இருக்கட்டும், தூண்டிலாக வேண்டாம். பறவை தானாக வரும்.