சாணை பிடித்த பக்தி

ஆல்ப்ஸ் மலையில் பனிப்பலகையைச் சாய்த்து, கத்தியால் கீறியதுபோல் வளைவு போடும் 'கார்விங்' அன்பர்களை மனமாரப் பாராட்டுகிறேன். நீளம், இடுப்பகலம், வளைவின் ஆரம், விறைப்பு என்று பலகைக்கு அவர்கள் பார்க்கும் பொருத்தத்தைச் சொந்தக் கல்யாணத்துக்குப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரவில் இஸ்திரிப் பெட்டி சூடாகும். பலகைக்கு மெழுகு தேய்க்கத்தான். சட்டை கசங்கியே கிடக்கட்டும். எஃகு விளிம்பை 90 டிகிரியிலேயே விடுவது பாவம். அரத்தால் ராவி 88-க்குக் கொண்டுவந்த பிறகே உறக்கம். விடிந்ததும் கெட்டிப் பிளாஸ்டிக் பூட்ஸில் ரோபோ நடை நடந்து, லிஃப்ட் வரிசையில் முதல் ஆளாக நிற்பார்கள். இயந்திரம் சீவிவிட்ட பனி கலைவதற்குள் நாலு கோடு கிழித்தாக வேண்டுமே! அதற்குப் பிறகு சறுக்குவது பாமரர் வேலை.

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் இத்தகைய பலகையில்தான் செக் வீராங்கனை எஸ்தர் லெடெக்கா தங்கம் வென்றார். பக்தர்களுக்குப் புல்லரித்தது. ஒரு வாரம் முன்புதான் அவர் பனிச்சறுக்கு மட்டையில் சூப்பர்-ஜி பந்தயத் தங்கத்தையும் 0.01 விநாடி வித்தியாசத்தில் தட்டியிருந்தார்.

அந்த மட்டை, அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரினிடம் முன்பு இருந்த பழசு.