புகையானுக்குப் பந்தி வெச்சது யாரு?

தம்பி, உன் நெல்லு வயலுக்கு மருந்தடிக்க ட்ரோன் வந்துச்சாமே? ஊரே வேடிக்கை பாத்துச்சாம். சந்தோசம். ஆனா புகையான் பூச்சி எங்கடா இருக்கான்? தூருல, தண்ணிக்கு நாலு விரக்கடை மேல உக்காந்து சாறு குடிக்கிறான். உன் மருந்து எங்க விழுந்துச்சு? தோகை மேல. நல்லாக் குளிச்சிருக்கும் தோகை.

வட்ட வட்டமாக் கருகிப் போச்சுன்னு அழுவுறே. வந்தவன் வந்தான், தங்க வெச்சது யாரு?

குறுவை அறுத்த கையோட தாளடி. பக்கத்துல சம்பா. போர்த்தண்ணி இருக்குன்னு கோடையிலயும் நெல்லு. வருசம் பூரா இலை போட்டுப் பந்தி வெச்சா, எவன் கை கழுவிட்டு எந்திரிப்பான்? தீனி இருக்குற வரைக்கும் அவனுக்குக் குட்டை றெக்கையே போதும். கூட்டம் பெருத்து, பயிரு வத்தினாத்தான் நீட்டு றெக்கை முளைச்சு அடுத்த வயலுக்குப் பறப்பான். போறப்ப பயிரைக் குட்டையாக்குற வைரஸையும் சேத்துத் தூக்கிட்டுப் போவான். அந்த நோய் முட்டை வழியா குஞ்சுக்கு எறங்காதுடா. நோய்ப்பட்ட நெல்லைக் குடிச்சாத்தான் தொத்தும். நீதான் அறுத்த தாளை உழாம, மறுதாம்பு பச்சையா நிக்கட்டும்னு விட்டுவெச்சிருக்கியே!

பயிரு கரும்பச்சையா இருந்தாத்தான் கௌரவம்னு யூரியாவை அள்ளிக் கொட்டுறே. வரப்புல நின்னு செல்ஃபி எடுக்க அம்சமாத்தான் இருக்கு. புகையானுக்கும் அந்தப் பச்சைதான் இஷ்டம்.

அப்புறம் நாலு பூச்சி கண்ணுல பட்டதும் சைபர்மெத்ரின். செத்தது யாரு? தூருல ஓடியாடி வேட்டையாடுற ஓநாய்ச் சிலந்தி. புகையான் முட்டையைக் குத்திக் குடிக்கிற மிரிட் நாவாய்ப்பூச்சி. முட்டை மட்டும் தாளுக்குள்ள பத்திரமா இருக்கு. பொரிஞ்சு வர்றப்ப கேக்க ஆளே இல்லை. காசு குடுத்துக் காவலைக் கொன்னவன் நீ ஒருத்தன் இல்லை, விடு. இந்தோனேசியாவுல இப்படியே அடிச்சு அடிச்சுப் புகையான் பெருகி, 1986ல ஜனாதிபதி சுகார்த்தோ நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்தை ஒரே உத்தரவுல தடை பண்ணாரு. அவரு என்ன, பூச்சி மேல பாசம் வெச்ச ஆளா?

எதிர்ப்பு ரகம் போடுறேங்கிறியா? 1973ல வந்த ஐ.ஆர்.26ஐப் புகையான் அண்டலைதான். ரெண்டு மூணு வருசத்துல அதையும் குடிக்கப் பழகிட்டான். ஒரே ரகத்தை ஊர் முச்சூடும் நட்டா, பழகாம என்ன செய்வான்?

8 அடிக்கு ஒரு அடி பட்டம் விட்டு நடு. தூருக்கு வெயிலும் காத்தும் போவட்டும். எந்நேரமும் தண்ணியக் கட்டி வெக்காம காய்ச்சலும் பாய்ச்சலுமா விடு. யூரியாவைப் பிரிச்சுப் போடு. சம்பாவுக்குப் பின்னாடி உளுந்து தெளி. புகையான் பட்டினி கெடப்பான், உனக்கு வடையாச்சும் மிஞ்சும்.

ஆனா நீ ஒருத்தன் மட்டும் உளுந்து தெளிச்சு ஆவாது. பக்கத்து வயல்ல நெல்லு நின்னா அங்க தங்கிட்டு இங்க வருவான். ஊரே ஒண்ணா நட்டு, ஒண்ணா அறுத்து, ஒண்ணா நெல்லை நிறுத்தணும். அதுக்கு மொதல்ல பக்கத்து வயக்காரன்கிட்டப் பேசணும். வரப்பை வெட்டினான்னு பேச்சை வுட்டவன்தானே நீ? அதுக்கு ஆப்பு இருக்கான்னு உன் செல்லுல தேடிப் பாரு.