ஸ்டென்ட் வைக்காதவன்

என் வலது கிட்னிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கிவிட்டது. பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் முதல் கேள்வி, "ஸ்டென்ட் வெச்சாச்சா?" இல்லை, மாத்திரைதான் என்றதும் முகம் விழுந்துவிடும். வாங்கிவந்த ஆப்பிளைத் திரும்ப எடுத்துப்போகலாமா என்றுகூட சிலர் யோசித்திருக்கக்கூடும். என் சகலைக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். கல்யாண வீடுகளில் அவரைச் சுற்றித்தான் கூட்டம். எனக்கும் ஒன்றாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன்.

பிரஷர் எனக்குப் பழைய சொத்து. ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, அப்போதும் மேல் அளவு 160-ஐ விட்டு இறங்கவில்லை. நீர் பிரியவைக்கும் மாத்திரை உட்பட மூன்று வகை மருந்தைச் சரியாகச் சாப்பிட்டும் பிரஷர் இறங்காவிட்டால், உள்ளே வேறு காரணம் இருக்கிறதா என்று டாக்டர்கள் தேட ஆரம்பிப்பார்கள். என் விஷயத்தில் ஒரு காரணம் எனக்கு முன்பே தெரியும்: பஸ். நீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெளியூர் பஸ்ஸில் ஏறினால் நம் மானம் டிரைவர் கையில். ஆகவே பயண நாட்களில் அந்த மாத்திரைக்கு லீவு. முகூர்த்த நாட்களில் லீவு. போகப்போக, "கிளம்பினாலும் கிளம்புவோம்" என்று வீட்டில் சும்மா இருக்கும் நாளிலும் லீவு. டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவர் என்னை நம்பி மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார். கூட்டுகிறாரே, ஏதோ பெரிய வியாதி போலிருக்கிறது என்று நான் கவலைப்பட்டேன்.

பெரிய வியாதியும் இருக்கத்தான் செய்தது. சாதாரண ஸ்கேனிலேயே வலது கிட்னி இடதைவிட 2 சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. அடுத்து டாப்ளர். வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். குடலில் காற்று நின்றால் அதற்குப் பின்னால் இருக்கும் ரத்தக்குழாய் தெரியாது. நான் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனேன். ஆவியில் வெந்தது, எண்ணெய் கிடையாது, கணக்கில் வராது என்பது என் கட்சி. ஜெல்லை ஜில்லென்று தடவி, விலாவுக்குக் கீழே கருவியை அழுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க" என்றார் ஸ்கேன் எடுத்த பெண். உஷ், உஷ் என்று என் ரத்தம் ஓடும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. சுருங்கிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். அந்த வேகத்தை அளந்துதான் சுருக்கத்தைக் கணிக்கிறார்கள். அளக்கப் போகும்போதெல்லாம் திரை மங்கியது.

"சார், ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"தண்ணி மட்டும்தாம்மா."

அந்த நேரம் பார்த்து ஓர் ஏப்பம் வந்தது, சாம்பார் வாசனையோடு. மறுநாள் வரச் சொல்லிவிட்டார்.

மறுநாள் சுருக்கம் உறுதியானது. கொழுப்புப் படிவு. வயதானவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான். சிகரெட், சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. இதில் என் பங்கு சிகரெட். விட்டுவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், டீக்கடைக்காரர் நீங்கலாக.

ரத்தம் குறைவாக வந்தால் கிட்னி தன் குழாயைச் சந்தேகிக்காதாம். உடம்பிலேயே ரத்தம் வற்றிவிட்டது என்று முடிவு கட்டி ரெனினைச் சுரக்கும். அதன் தொடர்ச்சியாக உடம்பெங்கும் குழாய்கள் இறுகும், உப்பும் நீரும் தேங்கும், பிரஷர் ஏறும். 1934-இல் ஹாரி கோல்ட்பிளாட் என்ற அமெரிக்கர் நாய்களின் சிறுநீரகத் தமனியில் வெள்ளிக் கிடுக்கி போட்டு இறுக்கி, பிரஷர் ஏறுவதைக் காட்டினார். அந்த நாய்களுக்காவது இன்னொருவர் போட்டுவிட்டார்.

"அடைப்புன்னா எடுத்துடலாமே டாக்டர்" என்றேன். எங்கள் வீட்டு மாடித் தொட்டிக் குழாயில் உப்புப் பிடித்துத் தண்ணீர் நின்றபோது, பிளம்பர் அந்தத் துண்டை அறுத்துப் புதுசு மாட்டியதும் எப்படிக் கொட்டியது என்று விவரித்தேன். டாக்டரம்மா முழுசாகக் கேட்டார். "ரொம்ப வருஷம் டாக்டர்களும் இப்படித்தான் சார் நெனச்சாங்க" என்றார். 2014-இல் வெளிவந்த கோரல் ஆய்வில் 947 பேர். ஏறத்தாழ பாதிப் பேருக்கு மருந்தோடு ஸ்டென்ட், மற்றவர்களுக்கு மருந்து மட்டும். மாரடைப்பு, பக்கவாதம், கிட்னி கெடுவது எதிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பிரஷர் கூடுதலாக இறங்கியது 2 புள்ளி சொச்சம். 2009-இல் வந்த ஆஸ்ட்ரல் ஆய்வின் முடிவும் ஏறக்குறைய இதே. நாள்பட்டுப்போன கிட்னிக்குள் நுண்ணிய குழாய்களும் பழுதாகியிருக்கும். பெரிய குழாயை மட்டும் திறந்துவிட்டு என்ன பயன்?

யாருக்குத்தான் வைப்பார்கள்? திடீர் திடீரென்று நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுகிறவர்கள், எத்தனை மருந்துக்கும் பிரஷர் அடங்காதவர்கள், கிட்னி வேகமாகக் கெட்டுக்கொண்டு வருகிறவர்கள். இளம்பெண்களுக்குக் குழாய்ச் சுவரின் தசைநார் கோளாறால் சுருங்கினால் பலூன் மட்டும் விட்டு விரிப்பதே பெரும்பாலும் போதும். நம் நாட்டில் இளவயதினருக்கு டகயாசு என்கிற குழாய் அழற்சியாலும் வரும்; முதலில் அழற்சியை அடக்கவேண்டும்.

"இதுல எதுலயாவது நான் வருவேனா டாக்டர்?"

"மாத்திரையே இன்னும் ஒழுங்கா சாப்பிட்டுப் பாக்கலியே சார்."

பஸ் விவகாரத்தை என் மனைவி போட்டுக்கொடுத்திருந்தாள்.

ராமிப்ரில் சேர்த்தார். இந்தக் குடும்பத்து மூத்த மாத்திரையான கேப்டோப்ரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது. இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஸ்டென்ட் இல்லாத குறையைப் பாம்பு ஓரளவு தீர்த்தது. ஆனால் இரண்டு பக்கமும் சுருங்கியவர்களுக்கும், இருப்பதே ஒரு கிட்னியாகி அதில் சுருக்கம் உள்ளவர்களுக்கும் இந்தக் குடும்பத்து மாத்திரை கிட்னியின் வேலையையே முடக்கிவிடலாம். எனக்கு ஒரு பக்கம்தான். இருந்தாலும் ஓரிரு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்தே ஆகவேண்டும் என்றார். நான் போகவில்லை. நன்றாக இருக்கிற உடம்பில் ஊசி குத்தி எதையாவது கண்டுபிடிப்பானேன்?

அதே சமயம், உப்பைக் குறைக்கச் சொன்னாரே என்று என் சொந்த மூளையை உபயோகித்து, சோடியம் குறைந்த உப்பு வாங்கிவந்தேன். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. அதெல்லாம் சாதா உப்புக்கு, இதுதான் நல்ல உப்பாயிற்றே என்று மோரில்கூடத் தாராளமாகப் போட்டேன். சோடியத்தை எடுத்த இடத்தில் போட்டிருப்பது பொட்டாசியம் குளோரைடு. ராமிப்ரிலும் பொட்டாசியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். இரண்டும் சேர்ந்து எகிறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மனைவி இழுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்கவைத்தபோது பொட்டாசியம் 5.9.

"யார் சார் இந்த உப்பை எழுதிக்கொடுத்தது?"

பாக்கெட்டில் இதயம் படம் போட்டிருந்தது என்றேன்.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்ட வலி மாத்திரைகளும் கிட்னிக்கு ஆகாது என்பது அன்றைக்கே தெரிந்தது. அவற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மனைவி சொன்னாள்.

கடைசியாக பிரஷர் நோட்டு. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்த்து எழுதவேண்டும். நான் டிவி விவாதத்துக்கு நடுவே பட்டையைச் சுற்றுவேன். பிடிக்காத எண் வந்தால் மெஷின் சரியில்லை என்று மறுபடி அழுத்துவேன். பிடிக்கும்வரை அழுத்தி, அதையும் கொஞ்சம் இறக்கி எழுதுவேன். டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். 130/80. 120/80. 130/80. 120/70.

"உங்க மெஷின்ல பூஜ்யத்தைத் தவிர வேற நம்பரே விழாதா சார்?"

நோட்டு இப்போது மனைவியிடம். 147, 153, 139 என்று உள்ளபடி எழுதுகிறாள். அதோடு விட்டால் பரவாயில்லை. ஸ்கேலால் கோடு போட்டு ஓரத்தில் ஒரு தனிப் பத்தி: "ஆவக்காய், ரெண்டு துண்டு." "நீர் மாத்திரை போடல. கேட்டா போட்டேங்கறார்." "டீக்கடைக்கு ரெண்டு தடவை." போன முறை டாக்டரம்மா எண்களைப் பார்க்கவே இல்லை. நேராக ஓரத்துக்குப் போய், சிரிப்பை அடக்கிக்கொண்டு, நர்ஸையும் கூப்பிட்டுக் காட்டினார்.