கேளுங்கள், சமாளிக்கிறேன்: ஒல்லாந்து வாரம்

கே: நெதர்லாந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லவும். (மாணவி, உவர்மலை)

ப: நிலத்தில் இலங்கையை விடச் சின்னது. சனத்தொகை ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம். அதில் பாதிக்கு மேல் தங்களுக்கு மதமே இல்லை என்கிறவர்கள். தலைநகர் ஆம்ஸ்டர்டாம், அரசாங்கம் நடப்பது ஹேக்கில். மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் பயணிகள் விமானத்தில் துணை விமானியாகவும் போய்வந்தவர். மீதியைப் புவியியல் ஆசிரியரிடம் கேளுங்கள். அதற்குச் சம்பளம் வாங்குகிறவர் அவர்தான்.

கே: அங்கே வெயில் எப்படி? (உப்புவெளி)

ப: நல்ல வெயில் இருந்திருந்தால் இங்கே ஏன் வந்தார்கள்?

கே: திருகோணமலைச் சுவாமி மலையிலிருந்து குதித்த ஒல்லாந்துப் பெண்ணின் கதை மெய்யா? (மனையாவெளி)

ப: இதற்காகத்தான் காத்திருந்தேன்! பிரான்சினா வான் ரீட், பெரிய உத்தியோகத்தரின் மகள். காதலன் கப்பலேறிவிட்டான், 1687இல் மலையுச்சியிலிருந்து கடலில் பாய்ந்தாள். சாட்சிக்குப் பெயரும் திகதியும் வெட்டிய கல்தூண்கூட உண்டு. சங்கடம் என்னவென்றால், அதே பெண் சில வருடம் கழித்துக் கலியாணம் முடித்ததாக ஒல்லாந்தரின் பதிவேடே சொல்கிறதாம். எல்லாவற்றையும் எழுதிவைக்கிற சனம். ஒரு காதலியை நிம்மதியாகச் சாகவும் விடவில்லை. தூண் பழைய கோணேசர் கோயிலுடையது என்பார்கள். கோயில் நம்முடையது, இடித்துக் கோட்டை கட்டியவன் போர்த்துக்கேயன், 1639இல் அதைப் பிடித்தவன் ஒல்லாந்தன், கோட்டையின் பெயரோ இங்கிலாந்து இளவரசன் பிரட்ரிக்குடையது. யாரிடமும் உத்தரவு கேட்காமல் அங்கே குடியிருப்பவை புள்ளிமான்கள்தான்.

கே: இவ்வளவு நல்ல துறைமுகத்தை ஏன் விட்டுப் போனார்கள்? (உள்துறைமுக வீதி)

ப: விடவில்லை, பறிகொடுத்தார்கள். 1782 ஜனவரியில் பிரிட்டிஷார் பிடித்தார்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரான் பிடித்தார். திரும்பக் கிடைத்ததை 1795இல் மறுபடி பிரிட்டிஷாரிடம் தோற்றார்கள். கொழும்புத் துறைமுகம் மனிதன் கட்டியது, நம்முடையது கடவுள் வெட்டியது. (பழைய வாசகர்கள் மன்னிக்க. அடுத்த வாரமும் சொல்வேன்.)

கே: அங்கே ஆட்களை விடச் சைக்கிள் அதிகமாமே? (சாம்பல்தீவு)

ப: ஆம். இங்கே பிரதான வீதியில் மாடு.

கே: கடல் மட்டத்துக்குக் கீழே எப்படித்தான் நித்திரை கொள்கிறார்கள்? (கிண்ணியா)

ப: கிண்ணியாவிலிருந்து வந்த கேள்விக்குப் பகிடி வேண்டாம். 1953 ஜனவரி 31 இரவு புயலோடு கடல் உள்ளே வந்து அங்கே 1,836 பேரைக் கொன்றது. அதன் பிறகு அணையும் மதகுமாகக் கட்டி முடிக்க நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. அரசாங்கங்கள் மாறின, வேலை நிற்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொள்ள மட்டும் தனிச் சபைகள், அவற்றுக்குத் தேர்தலும் வரியும் தனி. 2004 டிசம்பர் 26இல் உங்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே கடல் வந்தது. அவ்வளவு பெரிய அலைக்கு இங்கே அணை கட்ட நம்மிடம் காசில்லை. ஆனால் எந்த ஒழுங்கையால் எந்த மேட்டுக்கு ஓடுவது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் பழக்கக் காசு தேவையில்லை. உங்கள் அதிபரிடம் இந்தத் தவணையே கேளுங்கள்.

கே: அங்கே கலியாணம் முடித்துக் குடியேறலாமா? (திருக்கடலூர்)

ப: போவதற்கு முன்பே டச்சு மொழியில் சோதனை பாஸ் பண்ண வேண்டும். நூற்றைம்பது வருடம் இங்கே இருந்த அவர்களுக்கு நாம் ஒரு தமிழ்ச் சோதனைகூட வைக்கவில்லை. ஒல்லாந்து போதும், அடுத்த வாரக் கேள்விகளைத் தபாலட்டையில் அனுப்புங்கள், கையெழுத்து விளங்கட்டும்.