பொன் முத்திரைக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தர முத்திரைப் பிரிவு, நின்டெண்டோ ஆஃப் அமெரிக்கா, ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலம்.

பொருள்: ‘தி சிம்ப்சன்ஸ்: பார்ட் வெர்சஸ் த ஸ்பேஸ் மியூட்டன்ட்ஸ்’ (1991) என்ற ஆட்டத்திற்குத் தர முத்திரை வழங்கியமைக்கு விளக்கம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். முப்பது வருஷம் கழித்து வந்து கேட்கிறானே என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் பட்டா மாறுதலுக்கே தலைமுறை கடந்துவிடும். தாமதத்தை மன்னித்து மனுவைப் பரிசீலிக்கக் கோருகிறேன்.

1985-இல் உங்கள் என்.இ.எஸ். பெட்டி அமெரிக்காவில் இறங்கியபோது, வீடியோ கேம் என்ற பேச்சை எடுத்தாலே கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கண்டவர்கள் கண்டதை விற்றுச் சந்தை 1983-இல் படுத்துவிட்டது. 1982 கிறிஸ்துமஸைப் பிடிக்க ஐந்தே வாரத்தில் அவசரமாகச் செய்த ‘ஈ.டி.’ ஆட்டத்தின் கேசட்டுகளை, விற்காத மற்ற சரக்கோடு நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ குப்பைமேட்டில் அடாரி புதைத்தது. 2014-இல் அதைத் தோண்டி எடுத்து ஆவணப்படமே எடுத்தார்கள். இந்தக் கதி நமக்கு வரக்கூடாது என்று நீங்கள் பெட்டிக்குள் பூட்டு மாதிரி ஒரு சிப் வைத்தீர்கள். உங்கள் அனுமதி பெறாத கேசட் அதில் ஓடாது. அட்டைப்பெட்டி மேல் பொன்னிறத்தில் ஒரு முத்திரையும் குத்தினீர்கள்: தரத்துக்கு நாங்கள் பொறுப்பு. நெய் டப்பாவில் அக்மார்க் தேடுகிற குடும்பத்தில் பிறந்த எனக்கு இதில் ஆட்சேபணையே இல்லை.

ஆட்சேபணை பார்ட் சிம்ப்சனிடம் தொடங்குகிறது. அவன் வரும் ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடர் 1989 டிசம்பரில் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் அமெரிக்கப் பிள்ளைகளின் டி-ஷர்ட்டில் எல்லாம் பார்ட்தான். அந்தச் சூட்டிலேயே ஆட்டம் தயாராயிற்று. செய்தது இமேஜினியரிங், வெளியிட்டது அக்லெய்ம். கதை ஒன்றும் மோசமில்லை. மனித வேஷம் போட்ட வேற்றுக்கிரகவாசிகள் ஸ்பிரிங்ஃபீல்டுக்குள் நுழைந்துவிட்டார்கள், அவர்களுடைய ஆயுதத்துக்கு ஊதா நிறப் பொருள்கள் வேண்டும். பார்ட் ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவோடு கிளம்பி, கண்ணில் படும் ஊதாவை எல்லாம் நிறம் மாற்ற வேண்டும். டப்பாவால் ஆகாத இடங்களில் குறும்புத்தனம் கைகொடுக்கும். டெலிபோன் பூத்தில் காசு போட்டு மோவின் மதுக்கடைக்கு வழக்கமான வம்பு அழைப்பு ஒன்று. கடுப்பாகித் தெருவுக்கு ஓடிவருகிறார் மோ. இடுப்பில் கட்டியிருப்பது ஊதா ஏப்ரன். அவர் மேலேயே பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்! தொடரின் குணம் தெரிந்தவர் யோசித்த இடம் இது. அவருக்கு என் செலவில் ஒரு மாலை.

மாலை போடத் தெம்பான விரல் மிஞ்ச வேண்டும். ஐயா, இந்த ஆட்டத்தில் ஓடுவதற்கும் குதிப்பதற்கும் ஒரே பொத்தான். ஓட ஆசைப்பட்டால் முதலில் குதிக்க வேண்டும். தரையைத் தொட்ட பிறகும் விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் ஓட்டம் பிடிப்பான். சரி, ஓடுகிற ஓட்டத்திலேயே ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டுமே, அதற்கு எந்தப் பொத்தான்? அதே பொத்தான். அது ஏற்கெனவே அமுங்கித்தான் இருக்கிறது. இந்தப் புதிருக்கு விடை யோசிப்பதற்குள் பார்ட் பள்ளத்தில் கிடப்பான். எதிரிகளிடம் இரண்டு அடி வாங்கினாலும் உயிர் போய்விடும். இரண்டாம் கட்டத்தில் ஊதாவை மறந்துவிட்டு ஷாப்பிங் மாலில் தொப்பி சேகரிக்க வேண்டும். அதற்கப்புறம் பலூன், எக்ஸிட் பலகை, அணு எரிபொருள் தண்டு. சிரிப்பெல்லாம் முதல் தெருவோடு சரி. மிச்சத்தில் குதிப்பது மட்டும்தான் வேலை, குதிப்பதுதான் வராது.

உங்கள் பரிசோதகர்களுக்குக் கண் மந்தம் என்று சொல்லமாட்டேன். உங்கள் பெட்டிக்கு 1990-இல் வந்த ‘மேனியாக் மேன்ஷன்’ ஆட்டத்தை அவர்கள் சல்லடை போட்டுச் சலித்ததை உலகம் அறியும். மூலையில் தேமே என்று கிடந்த ஆடையில்லாத சிலை ஒன்று அவர்களை உறுத்தியது, போயிற்று. வசனங்களிலும் கத்தரி விழுந்தது. இத்தனைக்கும் நடுவில், வெள்ளெலியை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து வெடிக்கவைக்கலாம் என்ற ஏற்பாடு மட்டும் அவர்கள் கண்ணில் படவே இல்லை. அமெரிக்கக் கேசட்டில் வெள்ளெலி வெடித்தது. ஐரோப்பியப் பதிப்புக்குள் சுதாரித்துக்கொண்டீர்கள். சிலையைப் பார்த்த கண் பொத்தானையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

அடுத்து அந்த ஐந்து ஆட்டக் கணக்கு. எண்ணிக்கை குறைந்தால் தரம் கூடும் என்று ஒரு நிறுவனத்துக்கு வருஷத்துக்கு ஐந்து ஆட்டம்தான் என்றீர்கள். கொனாமி ‘அல்ட்ரா’ என்று இன்னொரு பெயர்ப்பலகை மாட்டியது. அக்லெய்ம் 1990-இல் எல்.ஜே.என். என்ற பொம்மைக் கம்பெனியையே விலைக்கு வாங்கிப்போட்டது. எங்கள் ஊரில் இதற்குப் பினாமி என்று பெயர். அந்தப் பெயர்களில் வந்தவற்றுக்கும் முத்திரை குறையில்லாமல் விழுந்தது. கேசட் தயாரித்ததும் நீங்கள்தான், பணம் வாங்கியதும் முன்கூட்டித்தான். விற்காமல் தேங்கினால் நஷ்டம் வெளியிட்டவர் தலையில். இந்த ஏற்பாட்டில் முத்திரையைப் பணம் வரவானதற்கான ரசீதாக வாசித்தால் குழப்பமே இல்லை. 2003-இல் அமெரிக்கப் பெட்டிகளில் ‘தரம்’ என்பதை எடுத்துவிட்டு வெறும் ‘முத்திரை’ ஆக்கினீர்களே, அந்த நேர்மைக்கு என் பாராட்டு.

சந்தடி சாக்கில் எங்கள் பர்மா பஜாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் அங்கே விற்ற டி.வி. கேமில் உங்கள் சிப்பும் இல்லை, முத்திரையும் இல்லை, சட்டமும் இல்லை. கேசட் அட்டையில் 9999 ஆட்டம் என்று அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் அதே சில ஆட்டங்கள் திரும்பத் திரும்ப வரும். அப்பட்டமான புளுகு. ஆனால் அதில் மரியோவும் கான்ட்ராவும் இருந்தன, மரியோவில் ஓடவும் குதிக்கவும் தனித்தனிப் பொத்தான் இருந்தது. திருட்டுக் கேசட்டுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அந்த நல்ல மரியோவும் உங்கள் வீட்டுச் சரக்குதானே! உங்களுக்குக் குதிக்கத் தெரியும். அடுத்தவர் குதிப்பதைச் சோதிக்கும்போது மட்டும் அது ஏன் மறந்துபோயிற்று?

ஆகவே நான் கோருவது: பார்ட்டிடம் எக்ஸ்-ரே கண்ணாடி ஒன்று இருக்கிறது. மனித முகத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வேற்றுக்கிரகவாசியை அது காட்டிக்கொடுக்கும். அதில் ஒன்றை உங்கள் பிரிவுக்கு வாங்கி, 1985 முதல் முத்திரை பெற்ற எல்லாப் பெட்டிகளையும் மறு ஆய்வு செய்யுங்கள். அதற்கு ஆள் இல்லையென்றால், முத்திரைக்குக் கீழே சின்ன எழுத்தில் இதையாவது சேர்த்து அச்சிடுங்கள்: ‘கேசட் பெட்டியில் பொருந்தும். மற்றவை பிள்ளைகளின் விதிப்படி.’

தங்கள் உண்மையுள்ள,
கட்டைவிரல் காய்த்துப்போன ஓர் ஆட்டக்காரர்

நகல்: 1. மோ, மதுக்கடை உரிமையாளர், ஸ்பிரிங்ஃபீல்டு – ஏப்ரன் இழப்பீடு கோருவதற்கு ஏதுவாக.
2. வெள்ளெலியின் சட்டப்பூர்வ வாரிசுகள் – தகவலுக்காக.